சட்டை உரிக்கும் நேரம், இரையும் எடுக்கவில்லை: பாம்பைக் கையில் எடுக்கலாமா?

வாசகர் கேள்வி, நவம்பர் 7

மூன்று வயது ஆண் பந்து மலைப்பாம்பு வளர்க்கிறேன். ஒன்பது வாரமாக இரை எடுக்கவில்லை. இரண்டு நாளாகக் கண்கள் பால் படர்ந்ததுபோல் வெளுத்திருக்கின்றன, உடலும் மங்கிக் கிடக்கிறது. சட்டை உரிக்கப் போகிறது என்று தெரிகிறது. கையில் எடுத்தால் சீறுகிறது. நேற்று மூக்கால் என் மணிக்கட்டில் முட்டியது. முன்பெல்லாம் இப்படிச் செய்ததே இல்லை. பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று தினமும் சிறிது நேரம் கையில் வைத்திருக்கிறேன். இன்னும் கூடுதலாகப் பழக்கினால் பயம் தெளிந்து இரை எடுக்குமா? எப்படிப் பிடித்தால் சீறாது?

நவம்பர் 7, இரவு

இன்றே கையில் எடுப்பதை நிறுத்துங்கள். எப்படிப் பிடித்தால் சீறாது என்று கேட்கிறீர்கள். இப்போது எப்படிப் பிடித்தாலும் சீறும். அதற்கு அந்தப் பாம்பிடம் எல்லா நியாயமும் இருக்கிறது.

பாம்புக்கு இமை இல்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். கருவிலேயே இமைகள் ஒன்றாகச் சேர்ந்து, ஒளி ஊடுருவும் ஒரு செதிலாகிக் கண்ணை மூடிவிடுகின்றன என்பதுதான் சரி. சட்டை உரியும்போது அந்தச் செதிலின் மேற்படலமும் சேர்ந்து உரியும். அதற்கு முன் பழைய தோலுக்கும் அடியில் வளரும் புதுத் தோலுக்கும் நடுவே நிணநீர் போன்ற திரவம் ஊறுகிறது. கண் வெளுப்பது அதனால்தான். இந்தச் சில நாட்களுக்கு உங்கள் பாம்புக்குப் பார்வை மிகவும் மங்கல். மேலேயிருந்து சூடான ஏதோ ஒன்று இறங்கி வருகிறது என்பது மட்டும் அதற்குத் தெரியும். அது உங்கள் கையா, கொத்தித் தின்ன வரும் பறவையா என்று பிரித்தறிய வழியில்லை. புதுத் தோல் இன்னும் முற்றவில்லை. அழுத்திப் பிடித்தால் சேதமாகலாம்.

வாய் திறக்காமல் மூக்கால் முட்டியது என்றால் அது எச்சரிக்கை. கடிக்க நினைத்திருந்தால் கடித்திருக்கும். உங்களை விலகச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

இனி சட்டை முழுவதும் உரிந்து, அதன் பிறகு ஒழுங்காக இரை எடுக்கத் தொடங்கும்வரை சும்மா கையில் வைத்துக்கொள்வது வேண்டாம். தண்ணீர் மாற்றுங்கள், எச்சம் இருந்தால் அந்த இடத்தை மட்டும் சுத்தம் செய்யுங்கள், வெப்பமும் ஈரப்பதமும் பாருங்கள். மூடியைத் திறக்கும் நேரம் ஓரிரு நிமிடங்களுக்கு மேல் போக வேண்டாம்.

ஒன்பது வாரம் என்பதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். வளர்ந்த, உடல் தேறிய ஆண் பந்து மலைப்பாம்புக்கு அது அபாயமான காலம் இல்லை. இன்று இரவு நிம்மதியாகத் தூங்குங்கள்.

நவம்பர் 8, காலை

நேற்று சொல்ல விட்டது: கண் மங்கிய கட்டத்தில் இரையும் வைக்க வேண்டாம். சில பாம்புகள் அப்போதும் தின்னும். என்னிடம் இருக்கும் முதிய பெண் பந்து மலைப்பாம்பு கண் வெளுத்திருக்கும்போதுகூட இரையை வாங்கிக்கொள்வாள், அதனால் கெடுதல் எதுவும் வந்ததில்லை. ஆனால் ஏற்கெனவே மிரண்டிருக்கும் பாம்புக்கு, முகத்துக்கு முன்னால் இடுக்கியில் ஆடும் எலி இன்னொரு தொந்தரவு. ஒவ்வொரு மறுப்பும் அடுத்த முறை உங்கள் இடுக்கியைக் கண்டதும் சுருண்டுகொள்ள அதற்குக் கற்றுத்தருகிறது.

உயிருள்ள எலியை உள்ளே விட்டுவிட்டுப் போவதை எந்தக் கட்டத்திலும் செய்யாதீர்கள். பசியில்லாத பாம்பு எலியைத் திருப்பித் தாக்குவதில்லை. எலி சும்மா இருக்காது. முதுகெலும்பு தெரியுமளவுக்கு எலி கடித்துக் குதறிய மலைப்பாம்பை ஒரு மருத்துவமனையில் கண்ணால் பார்த்திருக்கிறேன். அது மெதுவாகச் சுருண்டுகொண்டே கடி வாங்கியிருக்கிறது. பார்வை மங்கிய நாட்களில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

நவம்பர் 8, மாலை

"தினமும் எடுத்தால்தான் பழகும், விட்டால் காட்டுக்குணம் வந்துவிடும்" என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். இந்தக் கருத்தைப் பலரும் உண்மையாகவே நம்புகிறார்கள் என்பதால் பொறுமையாகப் பதில் சொல்கிறேன்.

பாம்பு நம் கைக்குப் பழகுவது உண்மை. கை வந்து போன பிறகும் கெடுதல் எதுவும் நடக்கவில்லை என்று திரும்பத் திரும்ப உணர்ந்துதான் அது பழகுகிறது. அப்படி உணர அதற்குப் பார்வை தெளிவாக இருக்க வேண்டும், உடல் சூடு சரியாக இருக்க வேண்டும், விலகிப்போக இடமும் இருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாத நேரத்தில் எடுத்தால் அது கற்றுக்கொள்வது நேர்மாறான பாடம். அசையாமல் கையில் கிடக்கும் பாம்பைப் பார்த்து "அமைதியாகிவிட்டது" என்கிறோம். தலையை உள்ளே புதைத்து இறுகச் சுருண்டுகொள்வது பந்து மலைப்பாம்பின் தற்காப்பு. அதற்கு அந்தப் பெயர் வந்ததே அந்தச் சுருளால்தான். நாக்கை வெளியே நீட்டி நிதானமாகச் சுற்றிலும் முகர்ந்து பார்க்கும் பாம்பையும், நாக்கே வெளியே வராமல் கல்போல் இறுகிய பாம்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

இரண்டு மூன்று வாரம் ஓய்வு கொடுத்தால் பழக்கம் போய்விடாது. என் முதிய பாம்பை ஒவ்வொரு முறை சட்டை உரிக்கும்போதும் தனியாக விட்டுவிடுகிறேன். திரும்ப எடுக்கும்போது முதல் சில நிமிடம் கழுத்தை லேசாகப் பின்னுக்கு இழுப்பாள், பிறகு பழையபடி முழங்கையில் ஏறிக்கொள்வாள்.

நவம்பர் 10

கேள்வி கேட்ட நண்பர் தொட்டியின் விவரங்களை அனுப்பியிருக்கிறார். ஈரப்பதம் 45 சதவீதம். மேலே கம்பிவலை மூடி. மறைவிடம் ஒன்றே ஒன்று, அதுவும் சூடான பக்கத்தில். சூடேற்றும் விரிப்புக்கு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி இல்லை.

நண்பரே, உங்கள் பாம்பின் சீற்றத்துக்குப் பாதிக் காரணம் இந்த நான்கு வரியில் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் போவோம்.

முதலில் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி. மற்றதெல்லாம் அப்புறம். கட்டுப்பாடு இல்லாத விரிப்பு எவ்வளவு வேண்டுமானாலும் சூடேறும். பாம்பு வயிறு வெந்த பிறகும் அங்கேயே படுத்திருப்பது உண்டு. காயம் ஆழமான பிறகுதான் நம் கண்ணுக்குத் தெரியும். சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. அந்தக் கருவியின் உணரியைப் பாம்பு படுக்கும் தரைமட்டத்தில் வையுங்கள். கண்ணாடியில் மேலே ஒட்டிவைத்த வெப்பமானி காட்டுவது வேறு ஓர் இடத்தின் கதை.

அடுத்து மறைவிடம். இரண்டு வேண்டும், சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. ஒன்றுதான் இருந்தால் பாம்பு ஒவ்வொரு நாளும் ஒரு கேள்விக்குப் பதில் தேட வேண்டியிருக்கிறது: ஒளிந்துகொள்வதா, உடல் சூட்டைச் சரிசெய்துகொள்வதா? பயந்த பாம்பு ஒளிந்துகொள்வதையே தேர்ந்தெடுக்கும், சூடு கூடினாலும் வெளியே வராது. மறைவிடம் அளவில் சிறியதாக இருக்க வேண்டும். சுருண்டு படுத்தால் முதுகும் இரு பக்கமும் சுவரில் உரச வேண்டும். நம் கண்ணுக்கு நெருக்கடியாகத் தெரியும் இடம்தான் அதற்குப் பாதுகாப்பு. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் இந்த இனம் எலி வளைகளிலும் கைவிடப்பட்ட கரையான் புற்றுகளிலும் பகலைக் கழிக்கிறது. வெளியே புல்வெளி காய்ந்து கிடந்தாலும் வளைக்குள் காற்று ஈரமாகவே இருக்கும்.

ஈரப்பதம் 45 என்பது குறைவு. வழக்கமான நாட்களில் 60ஐ ஒட்டி இருக்கட்டும், சட்டை உரிக்கும் காலத்தில் 70 வரை ஏறட்டும். கம்பிவலை மூடியின் பெரும்பகுதியை அடைத்து, காற்றுக்கு ஓர் ஓரம் மட்டும் விடுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தைப் பெரிதாக்குங்கள். ஒரு மறைவிடத்துக்குள் ஸ்பாக்னம் பாசியை நனைத்து, சொட்டுச் சொட்டாக வடியாத அளவுக்குப் பிழிந்து பரப்புங்கள். அந்த ஒரு மூலை மட்டும் ஈரவளையாக இருந்தால் போதும், எங்கே படுப்பது என்று பாம்பு தானே முடிவு செய்துகொள்ளும்.

இதையெல்லாம் செய்யும்போது பாம்பைத் தூக்காதீர்கள். அது இப்போது இருக்கும் மறைவிடத்தை அப்படியே விட்டு, புதியதை மறுபக்கம் வையுங்கள்.

நவம்பர் 10, சற்றுக் கழித்து

ஈரப்பதம் என்றதும் படுக்கையெல்லாம் தண்ணீர் தெளித்து நனைத்துவிடாதீர்கள். ஈரமான தரையிலேயே கிடந்தால் வயிற்றுச் செதில்கள் பழுப்பேறி, கொப்புளம் கட்டி, அழுகத் தொடங்கும். காற்றில் ஈரம் வேண்டும், வயிற்றுக்கடியில் வேண்டாம்.

இதோடு ஒன்று: பந்து மலைப்பாம்பின் வெண்மையான வயிறு சட்டை உரிக்கும் முன் இளஞ்சிவப்பாக மாறும், பல சமயம் கண் வெளுப்பதற்கும் முன்பே. அது அழுகல் என்று நினைத்து மருந்து தடவ வேண்டாம். இளஞ்சிவப்பு வயிறு முழுவதும் ஒரே சீராகப் பரவியிருக்கும். நோய் என்றால் திட்டுத்திட்டாக, மேடுபள்ளமாக இருக்கும்.

நவம்பர் 11

"வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்தால் சட்டை சுலபமாக உரியுமே?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

உரிக்கும் முன் ஊறவைப்பதால் பயன் மிகக் குறைவு. பழைய தோலைப் பிரிக்கும் வேலை உள்ளேயிருந்து நடக்கிறது. பாம்பின் உடலில் நீர்ச்சத்தும் சுற்றுக் காற்றில் ஈரமும் இருந்தால் அந்த வேலை சரியாக நடக்கும். ஊறவைக்கப் பாம்பைத் தூக்க வேண்டும், மறைவிடம் இல்லாத பாத்திரத்தில் வைக்க வேண்டும், அது தப்பிக்கத் துழாவிக்கொண்டே இருக்கும். கிடைக்கும் பலனைவிடக் கொடுக்கும் அதிர்ச்சி பெரிது. உரிந்த பிறகு தோல் ஆங்காங்கே ஒட்டியிருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

பாம்பு தானாகவே போய்த் தண்ணீர்க் கிண்ணத்தில் படுத்திருந்தால் விட்டுவிடுங்கள். ஆனால் நாள்கணக்கில் அங்கேயே கிடந்தால் காரணம் தேட வேண்டும்: தொட்டி மிகச் சூடாக இருக்கலாம், காற்று காய்ந்திருக்கலாம், சிற்றுண்ணி இருக்கலாம்.

நவம்பர் 13

கண் தெளிந்துவிட்டதாம். "உரிக்காமலே முடிந்துவிட்டதா, இனி எடுக்கலாமா?" என்கிறார்.

இல்லை. நடுவில் இருந்த திரவம் வடிந்துவிட்டதால் கண் தெளிந்திருக்கிறது. பழைய தோல் இன்னும் மேலேதான் இருக்கிறது. இனிச் சில நாட்களில், சில பாம்புகளுக்கு ஒரு வாரம் வரையிலும் ஆகலாம், சட்டை கழலும். இந்த இடைவேளையில்தான் பலர் அவசரப்பட்டுக் கையில் எடுக்கிறார்கள். தோல் உள்ளே பிரிந்து தளர்ந்திருக்கும் நேரம் இது. உங்கள் விரல் பட்டு ஓரிடத்தில் கிழிந்தால் ஒரே சட்டையாக வர வேண்டியது துண்டுத் துண்டாக வரும்.

உள்ளே சொரசொரப்பான ஒரு மரத்துண்டோ கல்லோ இருக்கிறதா? கூர்முனை இல்லாததாகப் பார்த்து வையுங்கள். மூக்கு நுனியையும் தாடையையும் அதில் தேய்த்துத்தான் உதட்டோரத் தோலைக் கிளப்பும். பிறகு முன்னோக்கி ஊர்ந்தே வெளியே வரும். சட்டை உள்பக்கம் வெளியாகத் திரும்பிக் கிடக்கும்.

மூச்சு விடும்போது மெல்லிய விசில் சத்தம் கேட்கிறது என்றும் எழுதியிருக்கிறார். நாசித் துளையில் தளர்ந்த தோல் இருந்தால் அப்படிக் கேட்கும், உரிந்ததும் நின்றுவிடும். உரிந்த பிறகும் நிற்காவிட்டால், அல்லது வாயைத் திறந்து மூச்சு விட்டால், மூக்கிலோ வாயோரத்திலோ நுரையோ சளியோ தெரிந்தால், தலையை மேலே தூக்கியே வைத்திருந்தால், ஒரு நாளும் தாமதிக்காமல் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். அது சுவாசத் தொற்றாக இருக்கலாம். காத்திருந்து பார்க்கும் நோய் இல்லை.

நவம்பர் 14

இரை எடுக்காமை பற்றி எழுதுவதாகச் சொன்னேன்.

நாம் ஒரு வேளை சாப்பிடாவிட்டால் தலை சுற்றுகிறது. அந்தப் பதற்றத்தோடு பாம்பைப் பார்க்கிறோம். அதன் உடல் வேறு கணக்கில் இயங்குகிறது. உடல் சூட்டுக்காக அது உணவை எரிப்பதில்லை. இரை கிடைக்காத காலத்தில் செலவையும் சுருக்கிக்கொள்கிறது. 2007இல் வெளியான ஓர் ஆய்வில் பந்து மலைப்பாம்பு, எலிப்பாம்பு, கிலுகிலுப்பைப் பாம்பு ஆகிய மூன்றையும் சுமார் ஆறு மாதம் இரையில்லாமல் வைத்துப் பார்த்தார்கள். ஓய்வுநிலை வளர்சிதை மாற்றத்தை அவை 72 சதவீதம் வரைகூடக் குறைத்துக்கொண்டன. அந்தப் பட்டினியிலும் உடல் நீளம் கூடியது. எனக்கு இன்றும் வியப்பாக இருக்கும் செய்தி இதுதான்.

பந்து மலைப்பாம்பு, அதிலும் முதிர்ந்த ஆண், குளிர்ந்த மாதங்களிலும் இனச்சேர்க்கைக் காலத்திலும் மாதக்கணக்கில் இரையைத் தொடாமல் இருப்பது சாதாரணம். முட்டை சுமக்கும் பெண்ணும் தின்னாது. சட்டை உரிக்கும் கட்டம் அதற்கு மேல் ஓரிரு வாரத்தைச் சேர்க்கும். புது வீடு, புதுத் தொட்டி, ஓயாமல் தட்டப்படும் கண்ணாடி, ஓயாமல் எடுக்கும் கை, இவையும் சேரும். என் பாம்பு ஒரு குளிர்காலம் முழுவதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எலியைச் சூடாக்கி, காத்திருந்து, தூக்கியெறிந்து, மனம் நொந்துபோனேன். தராசு மட்டும்தான் அப்போது எனக்கு ஆறுதல் சொன்னது. எடை ஏறக்குறைய அப்படியே இருந்தது. வெயில் ஏறியதும் ஒருநாள் நான் மூடியைத் திறக்கும்போதே கழுத்தை வளைத்து வாசலில் காத்திருந்தாள்.

ஆகவே நாளை எண்ணாதீர்கள், எடையைப் பாருங்கள். கிராம் காட்டும் ஒரு தராசு வாங்குங்கள். சட்டை உரிந்த பிறகு ஒருமுறை, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். மூடியுள்ள டப்பாவின் எடையை முதலில் கழித்துக்கொண்டு, பாம்பை மறைவிடத்தோடு சேர்த்துத் தூக்கி டப்பாவுக்குள் வழியவிட்டால் கைபடும் நேரம் மிகக் குறையும். பட்டினி தொடங்கியபோது இருந்த எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் மருத்துவர். முதுகெலும்பு கூரையின் முகடுபோல் மேலெழுந்து பக்கங்கள் ஒட்டியிருந்தால் எண் என்ன சொன்னாலும் மருத்துவர். வாய்க்குள் சிவப்பு, சீழ், கெட்ட வாடை இருந்தாலும் அப்படியே.

எச்சத்தையும் பாருங்கள். பட்டினியில் எச்சம் அரிதாகத்தான் வரும். வெள்ளைக் கட்டியாக வரும் சிறுநீர்க்கழிவு மஞ்சளேறிக் கல்லாக இருந்தால் தண்ணீர் போதவில்லை என்று பொருள். பட்டினியைத் தாங்கும் பாம்பு தாகத்தைத் தாங்காது.

நவம்பர் 17

உரித்துவிட்டது. படங்கள் வந்திருக்கின்றன. தலைப்பகுதி தனித் துண்டாக, நடு உடல் இரண்டு நீளத் துண்டுகளாக, வால் பக்கம் சுருங்கிய காகிதமாக. ஈரப்பதத்தை ஏற்றியது கடைசி வாரத்தில்தானே, அதனால் இது எதிர்பார்த்ததே. அடுத்த சட்டை முழுதாக வரும்.

இப்போது செய்ய வேண்டியது: அந்தத் துண்டுகளைக் குப்பையில் போடாமல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். தலைத்துண்டில் இரு கண்ணின் இடத்திலும் வட்டமாக, குவிந்த, கண்ணாடிச் சில்லு போன்ற மூடி தெரிய வேண்டும். விரல்நுனியால் தடவினால் சின்னக் குமிழ்போல் தட்டுப்படும். அந்த இடத்தில் வெறும் ஓட்டை இருந்தால் கண்மூடி பாம்பின் கண்ணிலேயே நின்றுவிட்டது. உங்கள் படத்தில் வலது கண்ணின் மூடி இருக்கிறது, இடது பக்கம் ஓட்டை.

பயப்பட வேண்டாம், ஆனால் இடுக்கியை எடுக்காதீர்கள். நகத்தாலும் வேண்டாம். அடியில் இருக்கும் புதிய மூடியையும் சேர்த்துக் கிழித்தால் கண்ணே போய்விடும். ஈரமறைவிடத்தைத் தொடர்ந்து வையுங்கள். பல பாம்புகளுக்கு ஓரிரு நாளில் தானே உரசிக் கழன்றுவிடும், இல்லாவிட்டால் அடுத்த சட்டையோடு போகும். அடுத்த முறையும் நின்றுவிட்டால் மருத்துவர் பார்க்கட்டும்.

வால்நுனிதான் எனக்குக் கவலை. நுனியிலிருந்து சற்று மேலே மங்கலான ஒரு வளையம் தெரிகிறது. பழைய தோல் அங்கே மோதிரம்போல் நின்றால் உலர்ந்து இறுகும், ரத்த ஓட்டம் தடைப்பட்டு நுனி கறுத்து உதிர்ந்துபோகும். இதற்குக் காத்திருக்கக் கூடாது. கைபடலாம் என்று நான் சொல்வது இந்த ஒரு வேலைக்கு மட்டும்.

ஒரு பருத்தித் துண்டை 28 முதல் 30 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழியுங்கள். காற்றுத்துளை உள்ள டப்பாவில் அதைத் தளர்வாகப் போட்டு, பாம்பை உள்ளே விட்டு மூடி, அரை மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். துண்டின் மடிப்புகளுக்குள் புகுந்து ஒளிந்துகொள்ளும். தண்ணீரில் மிதக்கவிடுவதைவிட இதில் அதற்குப் பயம் குறைவு. பிறகு ஈரத்துண்டை உங்கள் உள்ளங்கையில் மடித்து, வாலை மட்டும் லேசாகச் சூழ்ந்து பிடியுங்கள். நீங்கள் இழுக்க வேண்டாம். பாம்பு முன்னே ஊர்ந்து போகும் இழுவையிலேயே வளையம் நழுவும். நழுவாவிட்டால் மறுநாள் மறுபடி. தலையிலிருந்து வாலை நோக்கி மட்டுமே, எதிர்ப்பக்கம் ஒருபோதும் வேண்டாம். முடிந்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஊர்வனவற்றின் மேல் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி இருப்பது சகஜம்.

நவம்பர் 18

வளையம் போய்விட்டது என்று செய்தி. நல்லது.

இடது கண்ணின் மூடி உரியாமல் நின்றதால் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். சிற்றுண்ணி இருந்தாலும் சட்டை சரியாக உரியாது. கண்ணைச் சுற்றியுள்ள விளிம்பிலும் தாடைக்கடியில் இருக்கும் மடிப்பிலும் மிளகுத்தூள்போல் கறுப்புப் புள்ளிகள் நகர்கின்றனவா? தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் அப்படிச் செத்துக் கிடக்கின்றனவா? ஒரு வெள்ளைக் காகிதத் துண்டை ஈரமாக்கி உடலில் ஒருமுறை வழித்துப் பாருங்கள். தென்பட்டால் கையில் கிடைத்த பூச்சிமருந்தை அடிக்க வேண்டாம், பாம்புக்கு நஞ்சாகும்; மருத்துவரைக் கேளுங்கள்.

நவம்பர் 20

முதலில் இரையா, முதலில் கையா என்று கேட்டதற்கு: முதலில் இரை.

உறைபெட்டியிலிருந்து (ஃபிரீசர்) எடுத்த எலியைக் குளிர்பெட்டியில் முழுவதும் இளகவிட்டு, கொடுக்கும் முன் வெந்நீரில் பையோடு வைத்து வெளிப்புறம் 38, 40 டிகிரிக்கு வரச் செய்யுங்கள். உதட்டோரக் குழிகளால் சூட்டை உணரும் பாம்பு இது. ஆறிய எலி அதற்கு இரையாகவே தெரியாது. தலைப்பகுதி நன்றாகச் சூடாக இருக்கட்டும். விளக்கை அணைத்து, இருட்டிய பிறகு, மறைவிடத்தின் வாசலுக்கு முன்னால் பக்கவாட்டில் நகர்த்துங்கள். முகத்தில் குத்தாதீர்கள். ஒரு நிமிடத்தில் எடுக்கவில்லை என்றால் வாசலில் வைத்துவிட்டு அறையைவிட்டே போய்விடுங்கள். விடிந்ததும் இருந்தால் எடுத்துவிடுங்கள், அடுத்த பத்து நாளுக்குப் பேச்சே வேண்டாம். தினமும் வைத்துப் பார்ப்பதுதான் பட்டினியை நீட்டும் பெரிய காரணம்.

உணவுக்கென்று வேறு டப்பாவுக்கு மாற்றுவதும் வேண்டாம். தூக்கி, மாற்றி, தின்னவைத்து, மறுபடி தூக்குவது பயந்த பாம்புக்கு இரட்டைத் தொல்லை. தின்ற பிறகு குறைந்தது 48 மணி நேரம் தொடாதீர்கள், கக்கிவிடும்.

நவம்பர் 24

"வாயைத் திறந்து ஊட்டிவிட்டால் பசி கிளம்பும்" என்ற யோசனையைப் பார்த்ததும் மனம் பதறிவிட்டது. தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். உணவுக்குழாய் கிழியலாம், பல் உடையலாம், வாயில் புண்ணாகலாம். இவை எதுவும் நடக்காவிட்டாலும், இனி அந்தக் கை வந்தாலே அதற்கு அச்சம்தான். உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் மருத்துவர் முடிவுசெய்து, மருத்துவர் செய்யும் வேலை அது.

நாம் மாற்றிப்பார்க்க வேறு எத்தனையோ இருக்கின்றன: எலியின் அளவு, நிறம், சுண்டெலியா பெரிய எலியா, நேரம், மறைவிடம். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது.

நவம்பர் 30

எடை 868 கிராம், ஆகஸ்டில் 900. நான்கு சதவீதம்கூடக் குறையவில்லை. நேற்று எலியைக் கவ்விச் சுற்றிப் பிடித்துவிட்டு, சிறிது நேரத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டதாம். நண்பர் வருத்தமாக எழுதியிருக்கிறார். எனக்கோ இது நல்ல செய்தி. பாய்ந்தது, சுற்றியது என்றால் வேட்டை உணர்வு திரும்பிவிட்டது. பிடித்த பிறகு மூடி திறந்ததோ, ஆள் நடமாட்டமோ, எலி பெரிதாக இருந்ததோ அதை விடச்செய்திருக்கும்.

அடுத்த முறை சின்ன எலியாகக் கொடுங்கள், 40 கிராமுக்கு மேல் வேண்டாம். நீண்ட நாள் இரையில்லாத மலைப்பாம்பின் குடல் சுருங்கியிருக்கும். இரை உள்ளே போன பிறகுதான் அது மறுபடி பருத்து வேலைக்குத் தயாராகிறது. "இத்தனை வாரம் பட்டினி கிடந்ததே" என்ற இரக்கத்தில் பெரிய எலியைக் கொடுத்தால் கக்கிவிடும். கக்கினால் இரண்டு வாரம் வயிற்றுக்கு முழு ஓய்வு கொடுத்து, அப்புறம் இன்னும் சிறியதாகத் தொடங்க வேண்டும்.

தொடர்ந்து மூன்று முறை ஒழுங்காகத் தின்ற பிறகு கையில் எடுக்கத் தொடங்கலாம். மேலிருந்து கவ்வாமல் பக்கவாட்டில் கையைக் கொண்டுபோய், நடு உடலில் தொட்டு, நாக்கை நீட்டும்வரை பொறுத்து, இரு கையாலும் தாங்கித் தூக்குங்கள். ஐந்து நிமிடம். அது அமைதியாக இருக்கும்போதே திரும்ப வைத்துவிடுங்கள், சீறும்வரை காத்திருக்க வேண்டாம்.

டிசம்பர் 6

ஒரு சகோதரி கேட்கிறார்: முட்டையிலிருந்து வந்து சில வாரங்களே ஆன சோளப்பாம்புக் குட்டி, இரை எடுக்கவில்லை, இங்கே எழுதியபடி மாதக்கணக்கில் காத்திருக்கலாமா?

கூடாது சகோதரி. மேலே எழுதியது எல்லாம் உடல் தேறிய, வளர்ந்த பந்து மலைப்பாம்புக்கு. குட்டியிடம் அவ்வளவு சேமிப்பு கிடையாது. முட்டையிலிருந்து வந்ததும் உடலில் எஞ்சிய மஞ்சள்கருவை வைத்து வாழும், ஒன்றிரண்டு வாரத்தில் முதல் சட்டையை உரிக்கும், அதன் பிறகுதான் பொதுவாக முதல் இரை. அதுவரை தின்னாதது இயல்பு. முதல் சட்டை போய்ச் சில வாரம் ஆகியும் ஒன்றும் தொடவில்லை என்றால் மருத்துவரிடம் பேசுங்கள். அதற்கு முன் தொட்டியைச் சிறிதாக்குங்கள், சின்னக் கிண்ணமளவு மறைவிடம் வையுங்கள், ரோமம் முளைக்காத சுண்டெலிக் குஞ்சை வெந்நீரில் கழுவிச் சூடாக்கி மாலையில் உள்ளே வைத்துவிட்டு மூடியின் மேல் ஒரு துணியைப் போட்டுவிடுங்கள். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். சோளப்பாம்புக்குச் சூடான பக்கம் 29, 30 டிகிரி போதும், மலைப்பாம்பின் அளவுக்கு ஏற்ற வேண்டாம்.

குட்டி முதல் சட்டையை உரித்துவிட்டதா, இல்லையா? தேதி தெரிந்தால் எழுதுங்கள், அதை வைத்துத்தான் அடுத்து என்ன செய்வதென்று சொல்ல முடியும்.